அப்பவே சொன்னோர் பேரவை

சவுதியின் அல் கோபாரில் தமிழர்களுக்கு எத்தனை சங்கங்கள் இருக்கின்றன என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணுவதற்கென்று ஆரம்பித்தால் அதுவும் ஒரு சங்கமாகிவிடும் என்ற பயம்தான். ஊர்ச் சங்கம், மாவட்டச் சங்கம், பழைய மாணவர் சங்கம், ரத்ததானச் சங்கம், அதிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்த இன்னொரு ரத்ததானச் சங்கம். இத்தனைக்கும் நடுவே, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பிரியாணி வருவதற்கு முந்தைய பசி நேரத்தில், ஒரு மலபார் ஓட்டலின் மாடி ஹாலில் கூடுகிற பேரவையைப் பற்றித் தேவசுந்தரம் கேள்விப்பட்டதே இல்லை. சாகிர் கடையில் ஒரு கேள்வி கேட்டதுதான் அவர் செய்த தப்பு.

சாகிர் காயல்பட்டினத்துக்காரர். கோபார் கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருந்தார். தேவசுந்தரத்துக்குக் குமரிக் கடற்கரையில் கடியப்பட்டணம். இங்கே ஒரு பராமரிப்புக் கம்பெனியில் ஏசி டெக்னீஷியன். போனுக்குக் கண்ணாடி ஒட்டப் போனவர், ஒட்டி முடிகிறவரைக்கும் சும்மா நிற்பானேன் என்று வாயைத் திறந்துவிட்டார்.

"சாகிரு, இந்தக் கம்ப்யூட்டரு, போனு கம்பெனியள்ல, பின்னால பெரிசா வரப்போற ஒண்ணப் பாத்து இப்பமே கொஞ்சம் ஷேர் வாங்கிப் போடணும். சுபிஷாவுக்காக்கும். எதை வாங்க?"

சாகிர் ஒட்டிக்கொண்டிருந்த கண்ணாடியைக் காற்றுக் குமிழியோடு அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணே, எங்கிட்ட கேட்டீங்க, நல்லதாப் போச்சு. வெளியில யார்ட்டயும் கேட்டுறாதீங்க. இதுக்குன்னே ஒரு பேரவை ஈக்குது. நான்தான் செயலாளர்."

குமிழி போனிலேயே தங்கிவிட்டது.

தேவசுந்தரம் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வளைகுடாவுக்கு வந்த நாளிலிருந்து அவர் சேர்த்த எதுவும் அவரிடம் நின்றதில்லை. கருங்கல் பக்கம் வாங்கிய மனை தங்கை கல்யாணத்தில் கரைந்தது. நகை அம்மாவின் ஆபரேஷனுக்குப் போனது. சீட்டு எடுத்த அன்றைக்கே தம்பி ஆல்டோவின் வலை கிழிந்தது. அவர் சீட்டு எடுக்கட்டும் என்று அந்த வலை காத்திருந்த மாதிரி. கையால் தொட முடிகிற எதையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. தொட முடியாத ஒன்றில் போட்டுவைத்தால், மகள் சுபிஷா கல்லூரிக்குப் போகிற காலத்தில் அதுவாவது மிஞ்சியிருக்குமோ என்று ஒரு நப்பாசை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாடி ஏறினார். மேடையில் பேனர்: 'தொலைநோக்கு முதலீட்டாளர் பேரவை, கிழக்கு மாகாணம்.' உறுப்பினர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட பெயர் வேறு. அப்பவே சொன்னோர் பேரவை.

பேரவையின் நோக்கம் எளிமையானது. நாளைக்கு உலகத்தை ஆளப்போகும் தொழில்நுட்பக் கம்பெனியை உலகத்துக்கு முன்பே கண்டுபிடித்து, "இது பெரிசா வரும்" என்று வாய்விட்டுச் சொன்னவருக்கு, ஆமாம், இவர் அப்பவே சொன்னார் என்று சான்றிதழ் கொடுப்பது. அதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சி ரூம்மேட்டாக இருக்கலாம். ஆனால் இப்போதும் அதே ரூமில் இருக்கக் கூடாது. பாத்ரூம் முறைத் தகராறு நடுநிலையைக் கெடுத்துவிடும். சான்றிதழோடு பொன்னாடையும் உண்டு. போர்த்தி, போட்டோ எடுத்து, மடித்துப் பொருளாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பேரவைக்கு இருந்தது ஒரே பொன்னாடை.

அன்றைக்கு ஒரு வழக்கு. குவைத்தின் ஃபஹாஹீலிலிருந்து அஸ்கர் அலி என்பவர் வீடியோவில் வந்திருந்தார். எதைக் கேட்டாலும் தேடிக் கொடுக்கிற அந்தக் கம்பெனி சின்னப் பிள்ளையாக இருந்தபோதே, ஒரு முடிதிருத்தும் கடை நாற்காலியில் உட்கார்ந்து, இது பெரிசா வரும் என்று சொன்னதாக அவருடைய கோரிக்கை. சவரம் செய்தவர், பக்கத்து நாற்காலிக்காரர் என்று சாட்சிகளும் திரையில் நின்றார்கள்.

பொருளாளர் சேதுராமன் மன்னார்குடிக்காரர், ஒரு டிரேடிங் கம்பெனியில் அக்கவுண்டன்ட். அவர்தான் குறுக்கு விசாரணை.

"நீங்க சொல்றச்சே சவரக் கத்தி எங்க இருந்தது சார்?"

"கழுத்துலதான் பாய். வேற எங்க இருக்கும்?"

"கழுத்துல கத்தி இருக்கறச்சே ஒருத்தர் சொல்றதைச் சுயவிருப்பத்தோட சொன்னதா எப்படி எடுத்துக்கறது?"

திரையில் சவரம் செய்தவர் கோபப்பட்டார். "நான் என்ன, அந்தக் கம்பெனி ஏஜென்டா? கத்தியைக் காட்டிச் சொல்ல வைக்கிறதுக்கு?"

நெடுநேரம் வாதாடிய பிறகு, தலைவர் உடையப்பன் தீர்ப்புச் சொன்னார். சான்றிதழ் உண்டு, ஆனால் அதில் 'தீர்க்கதரிசி' என்ற சொல் மட்டும் இருக்காது. அஸ்கர் அலி அழுதுவிட்டார். ஆனந்தமா, அவமானமா என்று தெரிவதற்குள் நெட் போய்விட்டது.

அப்புறம் தலைவர் உரை. உடையப்பன் தேவகோட்டைக்காரர், ஒரு பைப் கம்பெனியில் நிர்வாகத்தில் பெரிய பதவி. மைக் பிடித்தால் அவருடைய தமிழுக்குத் தானாகக் கஞ்சி போட்டுவிடும்.

"அன்பர்களே! ஒரு காலத்தில், புத்தகம் விற்பதற்காக இணையத்தில் ஒரு நிறுவனம் தோன்றியது. நான் அப்பவே சொன்னேன், இது புத்தகத்தோடு நிற்காது, ஒரு நாள் துவரம்பருப்பும் விற்கும் என்று! யாரிடம் சொன்னேன்? தம்மாம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு பெஷாவர்வாசி. தமிழ் தெரியாது. ஆயினும் சொன்னேன். வாங்கினேனா? இல்லை! வாங்கியிருந்தால் இன்று ஏதோ ஒரு தீவில் கால் நீட்டிப் படுத்திருப்பேன். உங்களுக்கு யார் தலைமை தாங்குவது? ஆகவே அன்பர்களே, வாங்காமல் இருந்ததுதான் இந்தச் சமுதாயத்துக்காக நான் செய்த மாபெரும் முதலீடு!"

கைதட்டல் ஓய்ந்ததும் தேவசுந்தரம் கையைத் தூக்கினார். "ஐயா, நல்லாப் பேசினிய. அப்பம், இப்பம் எதை வாங்க?"

ஹால் உறைந்தது. கீழே சமையல்கட்டில் ஒரு கரண்டி விழுந்த சத்தம் துல்லியமாகக் கேட்டது.

"அண்ணே," என்று சாகிர் காதில் கிசுகிசுத்தார், "அந்த வார்த்தையை இங்கெ சொல்லப்படாது."

உடையப்பன் கோபப்படவில்லை. தீட்சை வாங்காதவனிடம் மடாதிபதி பேசுகிற கனிவோடு பேசினார். "புதியவர். மன்னிப்போம். ஐயா, எங்கள் விதி ஏழு என்ன சொல்கிறது? பேரவை உறுப்பினர் எவரும் பங்கு வாங்கலாகாது. வாங்கியவனின் பார்வை விலையின் மேல் விழுந்துவிடும். அதன்பிறகு அவனுக்குத் தூரம் தெரியாது. நாங்கள் தொலைநோக்குக்காரர்கள். எங்களுக்குத் தூரம் மட்டும்தான் தெரியும்."

அன்று தேவசுந்தரத்தின் தட்டுக்குக் கறித்துண்டு இல்லாத குஸ்காதான் வந்தது. விதிப்படியா, தற்செயலா என்று கேட்க அவருக்குத் தெம்பில்லை.

ஆனாலும் அடுத்த வெள்ளியும் போனார். அதற்கடுத்த வெள்ளியும். மற்ற நாளெல்லாம் மொட்டைமாடி வெயிலில் அடுத்தவன் அறையைக் குளிரவைக்கிறவருக்கு, ஒருநாள் குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருப்பது பிடித்திருந்தது. இத்தனை பேர் இத்தனை வருஷமாகப் பேசுகிற இடத்தில் வாய் தவறியாவது ஒரு கம்பெனி பெயர் விழாதா என்ற ஆசையும் இருந்தது.

பெயர்கள் விழுந்தன. அருவியாக விழுந்தன. அதற்குக் காரணம் சேதுராமன்.

பொருளாளராக இருந்தும் சேதுராமனுக்கு இதுவரை ஒரு சான்றிதழும் கிடைக்கவில்லை. பொன்னாடையை மடித்து வைத்தே கை ஓய்ந்த மனிதர் ஒரு நாள் யோசித்தார். அமெரிக்கச் சந்தையில் உள்ள எல்லாத் தொழில்நுட்பக் கம்பெனிகளையும் அகர வரிசையில் எழுதி எடுத்துக்கொண்டு, இரண்டு சாட்சிகளை டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து, ஒவ்வொன்றுக்கும் "இது பெரிசா வரும்", "இது பெரிசா வரும்" என்று சொல்லிக்கொண்டே போனார். பல வெள்ளிக்கிழமைகள் நடந்தது. ஒரு சாட்சி பாதியிலேயே தூங்கிவிட்டார். இன்னொருவர் டூட்டியை மாற்றிக்கொண்டு தப்பித்தார். அவருக்குப் பதில் வேறொருவரை நியமித்தார்கள்.

பேரவை கதிகலங்கியது. இனி எந்தக் கம்பெனி ஜெயித்தாலும் சேதுராமன் அப்பவே சொல்லியிருப்பார். அவசரப் பொதுக்குழு கூடிப் புது விதி போட்டது: வெறுமனே சொன்னது செல்லாது, உணர்ச்சியோடு சொல்லியிருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க உணர்ச்சி மதிப்பீட்டுக் குழு ஒன்று அமைந்தது. உறுப்பினர்கள் உடையப்பனும் சாகிரும்.

தேர்வு இப்படி. சான்றிதழ் கேட்பவர் மேடையேறி, மைக்கில் ஒரே ஒரு முறை, "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்ல வேண்டும். குழு கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்.

சேதுராமன் சொன்னார். குழு உடனே கண்ணைத் திறந்தது. "பேலன்ஸ் ஷீட் வாசிக்கிற மாதிரி ஈக்குது," என்றார் சாகிர்.

சிலர் சொல்லும்போது மட்டும் குழு சீக்கிரத்தில் கண்ணைத் திறப்பதில்லை என்பதைத் தேவசுந்தரம் கவனித்தார். சொன்னவரும் மைக்கை விட்டு உடனே இறங்குவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குச் சாட்சி விசாரணைகூட இல்லாமல் சான்றிதழ் கிடைத்தது. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. பசி நேரத்தில் பல விஷயங்கள் விளங்குவதில்லை.

கடைசியில் கம்பெனியைக் காட்டிக் கொடுத்தது பேரவை அல்ல, சுபிஷா. தம்மாமில் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்: "அப்பா, எங்க கிளாஸ் பாய்ஸ் எல்லாம் ஒரு கார்டு வேணும்னு அழுறாங்க. கம்ப்யூட்டர்ல கேம் ஆடுறதுக்கு. இட்ஸ் ஸோ காஸ்ட்லி. வாங்கிக் குடுத்துட்டு அவங்க அப்பாஸும் அழுறாங்க."

தேவசுந்தரம் கை கழுவாமல் யோசித்தார். பிள்ளையும் அழுது தகப்பனும் அழுகிற சாமான் என்றால் அதைச் செய்கிறவன் சிரித்துக்கொண்டிருப்பான் அல்லவா? அவருடைய ஆராய்ச்சி மொத்தமும் இவ்வளவுதான்.

போனில், அந்தக் குமிழிக்குப் பக்கத்தில் விரலை வைத்துச் சுபிஷாதான் அந்தக் கம்பெனிப் பங்கை வாங்கிக் கொடுத்தாள். பாலிகிளினிக்கில் நர்ஸ் டூட்டி முடித்துவந்த அசதியிலும் மனைவி அன்னபாக்கியம் போன்மேல் சின்னதாக ஒரு சிலுவை போட்டாள்.

"இஞ்ச பாருங்க, இதை எப்பம் விக்கியது?"

"விக்கப்படாது. அவளுக்க படிப்புக்கு அப்பிடியே கெடக்கட்டும்."

"ஊர்ல யார்ட்டயும் சொல்லாண்டாம்."

"நான் சொல்லுவேனா?"

"நீங்க சொல்லாண்டாம். போன்ல ஒங்களுக்க சத்தமே சொல்லிரும்."

பேரவையில் மூச்சு விடவில்லை. விதி ஏழு இருந்தது. ஆனால் சந்தோஷம் தொண்டையில் நிற்குமா? ஒரு வெள்ளிக்கிழமை டீ வரிசையில், முன்னால் நின்ற சாகிரிடமும் பின்னால் நின்ற சேதுராமனிடமும் கம்பெனியின் பெயரைச் சொல்லி, "இந்தச் சில்லு செய்யிய கம்பெனி பெரிசா வரும், பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

"கேம் ஆடி எந்தப் புள்ளையண்ணே உருப்பட்டுச்சு, கம்பெனி உருப்படுறதுக்கு?" என்றார் சாகிர். சேதுராமன் தன் அகர வரிசைப் பட்டியலில் அது இருப்பதைச் சரிபார்த்துக்கொண்டார்.

கம்பெனி ஏறியது, இறங்கியது, மறுபடி கொஞ்சம் ஏறியது. தேவசுந்தரம் பார்க்கவே இல்லை. பார்த்தால் கண்பட்டுவிடும் என்று சுபிஷாவையும் பார்க்க விடவில்லை. பேரவையில் இருந்த அத்தனை தொலைநோக்குக்காரர்களிலும், உண்மையான நீண்டகால முதலீட்டாளர் அவர் ஒருவர்தான். ஆல்டோ போன் செய்கிற வரைக்கும்.

ஒரு குடியிருப்புக் காம்பவுண்டின் மொட்டைமாடியில் கம்ப்ரசர் முன்னால் குந்தியிருந்தார். திரையில் ஆல்டோவின் பெயர் குமிழிக்கு அடியில் வீங்கித் தெரிந்தது.

"அண்ணே, ஒண்ணுமில்ல, சும்மாத்தான் விளிச்சேன்."

வளைகுடாவில் இருக்கிற எவருக்கும் இந்த வாக்கியம் தெரியும். சும்மா விளிக்கிறவர்கள் யாரும் சும்மா விளிப்பதில்லை.

"சொல்லுலே."

"சொகமா இருக்கியளா? மைனி சொகமா? பிள்ளை நல்லாப் படிக்கியாளா?"

"எல்லாம் சொகம். என்னவாக்கும் விஷயம்?"

"விஷயம் ஒண்ணுமில்ல. வள்ளத்துக்க எஞ்சின் கலாஸ்." ஆல்டோ முன்பு பஹ்ரைனில் மீன்பிடிக்கப் போயிருந்தவன். முடிந்துபோன எதற்கும் அவனுக்கு அரபிதான் வரும். "மெக்கானிக்கு கைய விரிச்சிட்டான். புதுசுதான் போடணுமாம். சீசன் தொடங்கப்போவுது. அதுக்காவ நான் விளிக்கல்ல. சும்மாத்தான்."

வீட்டில் அன்னபாக்கியம் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். சண்டை போட்டால் அதைச் சாக்காக வைத்து மறுத்துவிடலாம். அவள் டூட்டி ஷூவைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"கடலுக்குப் போவாதவன் வீட்டுல இருந்து என்ன செய்வான்? குடிப்பான். வித்திருங்க." அடுத்த ஷூவை எடுத்து, அதைப் பார்த்தபடியே, "மிச்சம் வருமா?"

"வராது."

வாங்கிய அதே விரலால் சுபிஷா விற்றுக் கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "இட்ஸ் ஓகே அப்பா" என்றாள். அந்த ஓகேதான் அவருக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு உலகத்துக்குப் பைத்தியம் பிடித்தது. மனுஷனைப் போலப் பேசுகிற இயந்திரங்கள் வந்தன. அவற்றின் மூளை மொத்தமும் அந்தக் கம்பெனியின் சில்லில்தான் ஓடுகிறது என்றார்கள். டிவியில் அந்தப் பெயர். பாலிகிளினிக் வெயிட்டிங் ஹாலில் அந்தப் பெயர். விசா கொடுத்த அரபி முதலாளி, கஃபீல்கூட ஒரு நாள் ஏசி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "சுந்தர், இந்தக் கம்பெனி தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரைக் கழற்றிப் பூட்டினார். அந்த வருஷம் கோபாரில் அவர் காரணமில்லாமல் சர்வீஸ் செய்த ஏசிகள் அநேகம்.

சுபிஷா கல்விக் கடன் எடுத்துக் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாள். ஆல்டோ ஒரு போட்டோ அனுப்பினான். வள்ளத்துக்குப் புதுப் பெயின்ட். பக்கவாட்டில் பெரிய நீல எழுத்தில் 'சுபிஷா'. அந்தப் போட்டோவைப் பார்த்து அன்னபாக்கியம் சிரித்தாளா அழுதாளா என்று தேவசுந்தரம் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அவர் வேலை பார்த்த பராமரிப்புக் கம்பெனி அவருக்கு ஃபைனல் எக்சிட் அடித்தது. இனி ஊர்தான். செய்தி தெரிந்ததும் பேரவை பரபரப்பானது. டீ வரிசையில் அவர் சொன்னது சாகிருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சேதுராமன் தேதியோடு குறித்தே வைத்திருந்தார். பிரிவுபசார விழாவிலேயே சான்றிதழும் என்று முடிவாயிற்று. உணர்ச்சித் தேர்வு மட்டும் பாக்கி.

மேடையேறினார். சபையைப் பார்த்தார். இத்தனை வெள்ளிக்கிழமைகள் எவ்வளவு அபத்தமாகத் தோன்றிய வாக்கியம் அது. சட்டென்று சொல்லி இறங்கிவிடலாம் என்றுதான் மைக்கைப் பிடித்தார்.

"நான்," என்றார். வள்ளத்தின் பக்கவாட்டில் இருந்த நீல எழுத்து ஞாபகம் வந்தது. அப்புறம் அந்த ஓகே.

"நான் அப்பவே சொன்னேன்."

குழு கண்ணைத் திறக்கவில்லை. தட்டு அடுக்கிக்கொண்டிருந்த மலையாளிப் பையன்கள்கூட நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு என்ன புரிந்ததோ. மைக்கை விட்டு இறங்க வேண்டும் என்பது தேவசுந்தரத்துக்கே கொஞ்ச நேரம் மறந்திருந்தது.

உடையப்பன் எழுந்து வந்து பொன்னாடையைப் போர்த்தினார். போட்டோவுக்குச் சிரித்த முகம் மாறாமல், மேடைத் தமிழைக் கழற்றிவைத்துவிட்டு, காதோரமாகக் கேட்டார்.

"வாங்கியிருந்தீங்களா?"

"ம்."

"வித்துட்டீங்க."

"ம்."

"எதுக்கு?"

"தம்பிக்க வள்ளத்துக்கு எஞ்சின்."

உடையப்பன் பொன்னாடையின் முனையை இழுத்துச் சரிசெய்தார். "எனக்கு அப்பச்சிக்கு, அதான் அப்பாவுக்கு, பைபாஸ். அந்தப் புத்தகக் கம்பெனிதான். அது பருப்பு விக்கிறதுக்கு ரொம்ப முந்தி." பொன்னாடையின் மடிப்பை நீவியபடியே, "அப்பச்சி அப்புறமும் நல்லா இருந்தாக. அது போதும்ல," என்றார். கேள்வியா என்று தெரியவில்லை.

சான்றிதழ் கொடுக்க வந்த சாகிர் அதைப் பிடித்த பிடியை விடாமலே சொன்னார். "எனக்குத் தங்கச்சி வீடு அண்ணே. எங்க ஊர்ல கல்யாணம்னா பொண்ணுக்கு வீடு கட்டிக் குடுக்கணும்ல. இப்பவும் ஊருக்குப் போனா அந்த வீட்டுலதான் சோறு. ஒவ்வொரு உருண்டையும் என்ன விலைன்னு அவளுக்குத் தெரியாது, பாவம்."

வாங்கத் துணியாதவர்கள் எழுதிய விதிதான் விதி ஏழு என்று தேவசுந்தரம் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

வழக்கப்படி பொன்னாடையை மடித்து நீட்டினார். உடையப்பன் வாங்கவில்லை. "வச்சுக்கங்க. ஊர்ல காட்டுங்க." பேரவையின் வரலாற்றில் பொன்னாடை வெளியே போனது அதுதான் முதல் தடவை. பொருளாளர் என்ற முறையில் சேதுராமன் அதற்கு ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். அவர் வந்தது வேறு விஷயத்துக்கு.

"எப்படி சார் உங்களுக்கு மட்டும் அப்படி வருது? நானும் தினம் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாக்கறேன். சத்தம் வருது. அது வரமாட்டேங்கறது."

தேவசுந்தரம் உடையப்பனைப் பார்த்தார். உடையப்பன் மைக் அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"முதல்ல ஒண்ணை வாங்கிப் போடுங்க சேது."

சேதுராமன் பதறினார். "விதி ஏழு?"

"யாருக்கும் சொல்லாதீங்க."

"சரி. வாங்கிட்டு என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். ஊர்லேர்ந்து போன் வரும். சும்மாத்தான் கூப்பிட்டோம்னு சொல்லுவாக."

கீழேயிருந்து பிரியாணி வந்தது. இந்தத் தடவை தேவசுந்தரத்தின் தட்டில் இரண்டு லெக் பீஸ் இருந்தது. விதிப்படிதான் என்றார் சாகிர்.